சென்னையிலிருந்து எரிமலைப் பயணம்: பாரன் தீவா, கிழக்கு ஜாவாவா, ரீயூனியனா, டோபாவா?

எங்கள் வீட்டிலிருந்து கிளம்ப இருப்பவர்கள் ஐந்து பேர்: நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், அறுபத்தாறு வயது மாமியார், மலை என்ற சொல்லைக் கேட்டாலே பையைத் தூக்கிவிடும் மைத்துனர். மே மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாள் கிடைக்கும். ஓர் எரிமலையை அருகில் பார்க்க வேண்டும் என்பதில் ஐவருக்கும் உடன்பாடு உண்டு. எந்த எரிமலை என்பதில்தான் நான்கு மாதமாக இழுபறி. மகளுக்குச் சிறு வயதிலிருந்து மூச்சிழுப்பு உண்டு என்பதையும், மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவை மாற்றியவை அந்த இரண்டும்தான்.

எரிமலைக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் 1883ஆம் ஆண்டை நினைவுகொள்ளலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடைப்பட்ட சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் நம் கிழக்குக் கடற்கரையில் கடல் மட்டத்தை அளக்கும் ஓதமானிகளிலும் பதிவாயின. அடுத்த மாதம், வானில் பரவிய அதன் தூசியால், மெட்ராஸில் சூரியன் பச்சை நிறத்தில் உதித்து மறைந்தது. மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த மிச்சி ஸ்மித், பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தை நிறுவியவர், அந்தப் பச்சைச் சூரியனை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதினார். இத்தனைக்கும் நம் ஊரைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டருக்கு உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். எரிமலையில் நாம் காண விரும்புவது எதை? சிலர் செந்நிற எரிகுழம்பு ஓடுவதைக் காண விரும்புகிறார்கள். சிலருக்குப் புகையும் வாயின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். எரிமலை உருவாக்கிய நிலத்தில், அதன் மண்ணில் வாழும் மக்களோடு நான்கு நாள் தங்குவதே சிலருக்கு நிறைவு. முதல் வகை விருப்பத்தை எந்த நாட்காட்டியாலும் உறுதிப்படுத்த முடியாது. மலை நம் விடுப்புக் கடிதத்தைப் பார்த்து வெடிப்பதில்லை. ஆகவே நான் எல்லா இடத்துக்கும் ஒரே உரைகல்லைப் பயன்படுத்தினேன். நாம் போய்ச் சேரும் நாளில் மலைப்பாதை மூடப்பட்டிருந்தால், அந்தப் பயணத்தில் மிச்சம் என்ன?

இந்த உரைகல்லில் முதலில் தேறாமல் போனது நம் நாட்டிலேயே உள்ள பாரன் தீவு. இந்தியாவின் உயிருள்ள ஒரே எரிமலை என்ற பெருமை அதற்கு உண்டு. போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட ஊரிலிருந்து, வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மூன்று கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஆளில்லாத் தீவாக அது நிற்கிறது. 1787இல் முதல் வெடிப்பு பதிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் மீண்டும் விழித்தது. அதன் பிறகு விட்டு விட்டுக் குமுறுகிறது; 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் காணப்பட்டன. கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம், மீனம்பாக்கத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் பயணம் என்பதெல்லாம் கவர்ச்சியானவைதாம். ஆனால் அது வனவிலங்குச் சரணாலயம். பயணிகள் தீவில் இறங்க முடியாது. கப்பலிலோ, ஆழ்கடல் முக்குளிப்பவர்களை ஏற்றிச் செல்லும் படகிலோ சுற்றி வந்து பார்க்க மட்டுமே முடியும். சென்னையில் ஒரு முகவர், “இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு வரலாம், சார்” என்று எங்களிடம் அடித்துச் சொன்னார். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டதும் பேச்சை அந்தமானின் நீல் தீவின் பக்கம் திருப்பிவிட்டார்.

பருவமும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அந்தமான் கடல் அமைதியாக இருப்பது நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் திறந்த கடலில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆடுவது வயிற்றுக்குச் சோதனை. அரையாண்டு விடுமுறையில் அந்தமான் செல்பவர்கள், அதே வாரத்தில் பாரனுக்குக் கப்பல் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். பாரனுக்காகவே அந்தமான் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது இந்தோனேசியா. நூற்று இருபதுக்கும் மேற்பட்ட உயிருள்ள எரிமலைகள் உள்ள நாடு என்பதால், ‘இந்தோனேசியா போகிறோம்’ என்பது முடிவே அன்று. எந்தத் தீவு, எந்த மலை என்பதே முடிவு. முதன்முறை செல்லும், நுரையீரலும் முழங்காலும் நன்றாக இருக்கும் சென்னைவாசிக்குக் கிழக்கு ஜாவாவுக்கு நிகரான இடம் இல்லை என்பது என் தீர்ப்பு. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகச் சுரபாயா சென்று இறங்கினால், மூன்று நான்கு மணி நேரச் சாலைப் பயணத்தில் புரோமோவின் அடிவாரக் கிராமங்களை அடையலாம். டெங்கர் என்னும் பெருங்குழி பழைய மலை ஒன்று தன்னுள் தானே இடிந்து விழுந்ததால் உண்டானது. அதன் தரை முழுவதும் கருமணல். அந்த மணல் வெளியின் நடுவே 2,329 மீட்டர் உயரத்தில் புரோமோ புகைகிறது. விடியலுக்கு முன் ஜீப்பில் பெனஞ்சாகன் மேட்டுக்கு ஏறிச் சூரிய உதயம் பார்ப்பதும், பிறகு மணலைக் கடந்து படிக்கட்டு ஏறி வாயின் விளிம்பில் நிற்பதும் வழக்கம். முழங்கால் வலி உள்ளவர் மேட்டில் நின்றே முக்கால் பங்கு அழகைக் கண்டுவிடலாம். குளிரை மட்டும் குறைவாக எண்ணக் கூடாது; மே மாதச் சென்னையின் நாற்பது பாகையிலிருந்து மறுநாளே ஒற்றை இலக்க வெப்பநிலைக்குப் போகிறோம், நம் வீட்டு அலமாரியில் இருப்பதோ ஊட்டிக்கு வாங்கிய ஒரு கம்பளிச் சட்டை.

மலை மூடப்பட்டால் என்ன மிச்சம் என்ற கேள்விக்குப் புரோமோ நல்ல விடை தருகிறது. விளிம்புக்குச் செல்லத் தடை விதித்தாலும் தொலைவிலுள்ள மேடுகளிலிருந்து பார்க்கப் பெரும்பாலும் வழி இருக்கும். தூரத்தில் ஜாவாவின் மிக உயர்ந்த மலையான செமேரு, 3,676 மீட்டர், அவ்வப்போது சாம்பல் கக்குவதும் அங்கிருந்தே தெரியும். டெங்கர் மக்கள் இந்துக்கள். கசடா விழாவின்போது காய்கறி, தானியம், கோழி, ஆடு ஆகியவற்றைக் காணிக்கையாக வாய்க்குள் எறிகிறார்கள். விளிம்பில் ஒரு பிள்ளையார் சிலையும் உண்டு. முச்சந்திதோறும் பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவர் அங்கே உட்கார்ந்திருப்பது வியப்பளிக்கத் தேவையில்லை, ஆயினும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஈஜென் வேறு வகை. ஜாவாவின் கிழக்கு முனையில், பான்யுவாங்கி ஊருக்கு மேலே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் பச்சை நீல ஏரியில் உள்ளது தண்ணீர் அன்று, கந்தகமும் குளோரினும் கலந்த அமிலம். இவ்வகை அமில ஏரிகளில் உலகிலேயே பெரியது அதுதான். நள்ளிரவுக்குப் பின் பல்துடிங் என்னும் நுழைவாயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி, பிறகு வாய்க்குள் இறங்கினால் நீலச் சுடரைக் காணலாம். இணையத்தில் இதனை நீல எரிகுழம்பு என்று எழுதுகிறார்கள், அது தவறு. பாறைப் பிளவுகளிலிருந்து மிகுந்த வெப்பத்துடன் வெளியேறும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் தீப்பற்றி எரிவதே அந்த நீலம். பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதே பாதையில் எழுபது, எண்பது கிலோ எடையுள்ள கந்தகக் கட்டிகளை இரண்டு கூடைகளில் தோளில் சுமந்து தொழிலாளர்கள் ஏறி வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியது பயணியின் கடமை; ஒதுங்காமல் நடுவில் நின்று படம் எடுப்பவர்களைக் காணொளிகளில் பார்த்துக் கூசிப் போயிருக்கிறேன்.

இந்த ஈஜென்தான் எங்கள் வீட்டில் சண்டையை மூட்டியது. கந்தக டையாக்சைடு இழுப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே சுருக்கிவிடும். கொரோனாக் காலத்தில் வாங்கிய என்95 முகமூடி தூசியைத் தடுக்குமே தவிர வாயுவைத் தடுக்காது. அமில வாயுக்களுக்கென்று வடிகட்டி பொருத்திய, முகத்தில் இறுகப் பதியும் முகமூடி வேண்டும். அதுவும் சிறுவர் முகத்துக்குச் சரியாகப் பொருந்துவது அரிது. “நீங்கள் மூவரும் ஏறுங்கள், மாமா, நான் கீழே அம்மம்மாவோடு இருக்கிறேன்” என்று மகள் தன் தாய்மாமனிடம் பெருந்தன்மையாகச் சொன்னாள். குழந்தையை அடிவாரத்தில் விட்டுவிட்டு நள்ளிரவில் மலையேற எனக்கு மனம் இடம்கொடுக்கவில்லை.

மைத்துனர் விடாப்பிடியாக நின்ற இன்னொரு மலை லோம்போக் தீவின் ரிஞ்சானி. 3,726 மீட்டர், 1257இல் அங்கே நிகழ்ந்த வெடிப்பு கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்று, இன்று அந்தக் குழியில் ஒரு பிறை வடிவ ஏரி. ஆனால் அது கூடாரத்தில் தங்கி இரண்டு மூன்று நாள் ஏறும் மலை; இறுதிச் சரிவில் ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்குச் சறுக்கும் சாம்பல் மண். 2025 ஜூனில் அங்கே ஒரு பயணி தவறி விழுந்து, மீட்புக் குழு அவரை அடைவதற்குள் இறந்தார். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறி இறங்கி மறுநாள் அலுவலகம் போகக்கூடியவர்கள் வேண்டுமானால் இதைப் பற்றி யோசிக்கலாம். ஐஸ்லாந்து, ஹவாய், சிசிலியின் எட்னா ஆகியவை நல்ல இடங்களே. பத்து நாளில் விமானத்துக்கே மூன்று நாள் போய்விடும் என்பதாலும், விசாவுக்குச் செலவாகும் வாரங்களாலும் எங்கள் பட்டியலில் அவை ஏறவில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க நாடுகளின் மலைகளுக்குச் செல்பவர்கள் கிண்டி கிங் தடுப்பு மருந்து நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இடங்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இதில்தான் இருக்கிறது. எரிகுழம்பில் சிலிக்கா குறைவாக இருந்தால் அது நீர்த்து, வாயுவை எளிதில் வெளியே விட்டு, ஆறுபோல் ஓடும். ஹவாயும் ரீயூனியனும் இவ்வகை. சிலிக்கா மிகுந்தால் பிசுபிசுத்து, வாயுவை உள்ளே அடைத்து, ஒருநாள் மூடி பறக்கும்; ஜாவாவும் சுமத்ராவும் பெரும்பாலும் இவ்வகை. மூன்றாவது ஒன்று உண்டு, பயணிகள் பலரைக் கொன்றது அது. புதிய எரிகுழம்பு மேலே வராமலேயே, நிலத்தடி நீர் கொதித்து நீராவியாகித் திடீரென வெடிப்பது. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்தாகே மலை, எச்சரிக்கை அளவின் மிகக் கீழ்ப்படியில் இருந்தபோதே இப்படி வெடித்து அறுபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளின் உயிரைப் பறித்தது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வகாரி தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் மாண்டனர். 2023 டிசம்பர் 3 அன்று சுமத்ராவின் மராபி மலையில் 24 பேர் இறந்தனர். அங்கே உச்சியை நெருங்க வேண்டாம் என்ற அறிவுரை முன்பே இருந்தது.

இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு அமைப்பு மலைகளை நான்கு படிகளில் வைக்கிறது: நோர்மல் (இயல்பு), வஸ்படா (கவனம்), சியாகா (ஆயத்தம்), அவாஸ் (ஆபத்து). மாக்மா இந்தோனேசியா என்ற அதன் தளத்தில் ஒவ்வொரு மலையின் நிலையும் எத்தனை கிலோமீட்டர் விலகி இருக்க வேண்டும் என்பதும் வெளியிடப்படுகின்றன. இரண்டாம் படியிலுள்ள மலைக்கும் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் உண்டு. ‘எல்லாரும் போகிறார்கள்’ என்ற சொல்லை நம் ஊரில் நாம் கேட்காததன்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்த பிறகு, அனுமதி, வழிகாட்டி, நுழைவுப் பதிவு என்பவை வெறும் தாள் வேலை அல்ல என்று தமிழ்நாட்டு மலையேறிகள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தைக் கடல் தாண்டியதும் மறந்துவிடக் கூடாது.

ஆபத்துக் குறைவை மட்டும் அளவாகக் கொண்டால் ரீயூனியனே முதலிடம் பெறும். இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்கு அருகிலுள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவின் பிதோன் த லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர், உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளுள் ஒன்று. பெரும்பாலான ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பொங்குகிறது. பொங்கத் தொடங்கியதும் வாயைச் சுற்றியுள்ள உள்வளையத்தை அடைத்துவிடுவார்கள். ஆனால் வெளி விளிம்பிலிருந்தோ சாலையோரத்திலிருந்தோ செந்நிற ஓட்டத்தைப் பார்க்க வாய்ப்புண்டு. பொங்காத நாளில் வெளி விளிம்பிலுள்ள பா த பெல்கோம்ப் என்னும் இடத்திலிருந்து உள்ளே இறங்கி, 2007இல் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்வாங்கிய தொலொமியு வாயின் விளிம்புவரை நடந்து திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். 1977இல் எரிகுழம்பு வாசல்வரை வந்து இரண்டாகப் பிரிந்து விலகிப்போன ஒரு தேவாலயமும் அத்தீவில் இருக்கிறது.

மிச்சம் என்ன என்ற உரைகல்லிலும் ரீயூனியன் மின்னுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே மல்பார் என்று அழைக்கப்படுகிறார்கள். மொழி பெரும்பாலும் போய்விட்டது, தீமிதியும் மாரியம்மனும் போகவில்லை. எரிமலையைப் பார்த்த மறுநாள் பூக்குழியைப் பார்க்க வாய்க்கும் தீவு வேறெங்கும் இருக்காது. தடை இரண்டு: யூரோவில் செலவு, விசா. ஷெங்கன் விசா கையில் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ரீயூனியன் பிரான்சைச் சேர்ந்ததே ஆயினும் ஷெங்கன் பகுதிக்குள் வராது, அதற்கென்று தனியே பார்க்க வேண்டும். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டபோது நான் பேனாவை மூடி வைத்தேன். இருவராகச் செல்பவர்கள், அதிலும் எரிகுழம்பைக் கண்டே ஆக வேண்டும் என்பவர்கள், இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

மீதமிருப்பது வடக்கு சுமத்ராவின் டோபா. இது யாருடைய கனவுப் பட்டியலிலும் இல்லை; எங்கள் பட்டியலில் கடைசியாக, மாமியாரின் பரிந்துரையில் சேர்ந்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நிகழ்ந்த வெடிப்பின் சாம்பல் ஆந்திரத்தின் கர்நூல் பகுதியிலுள்ள ஜ்வாலாபுரத்தில் இன்றும் தடித்த அடுக்காகக் கிடைக்கிறது என்றால் அதன் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அந்த வாய் இன்று நூறு கிலோமீட்டர் நீளமும் முப்பது கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஏரி; நடுவே சமோசிர் என்னும் பெருந்தீவு, அதில் பதாக் மக்களின் ஊர்கள். எரிமலைக்குள்ளேயே படகில் போகிறோம், ஆனால் மூக்கில் கந்தகம் ஏறாது. போகும் வழியில் பெரஸ்தாகி என்ற மலையூர்; அங்கிருந்து 2,212 மீட்டர் உயரமுள்ள சிபாயக் மலைக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறி, ஆவி சீறும் வாயைப் பார்த்துவிட்டு வெந்நீர் ஊற்றில் காலை நனைக்கலாம். எதிரே தெரியும் சினபுங் பல நூறு ஆண்டு உறக்கத்துக்குப் பின் 2010இல் விழித்து ஊர்களை இடம்பெயர வைத்த மலை. அதை எட்ட நின்று பார்ப்பதே சரி.

மேடான் நகரில் கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள மாரியம்மன் கோயில் 1880களில் எழுந்தது. நகரின் மறுகோடியில், கோபுரமும் குவிமாடமும் கொண்ட அன்னை வேளாங்கண்ணி ஆலயம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் இறுதியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயக் கொடியேற்றத்துக்குத் தவறாமல் போகும் மாமியார், “எரிமலையை நீங்கள் பாருங்கள், மாப்பிள்ளை, எனக்கு அந்த மாதா கோயில் போதும்” என்றார். டோபாவுக்குக் குறையும் உண்டு. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் ஏரி. எரிமலை என்று உணர்த்தும் புகையோ முழக்கமோ இல்லை. அறிந்து பார்த்தால்தான் பிரம்மாண்டம். மழைக்காலத்திலும் போகக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் அப்பகுதியில் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் உண்டாக்கியது.

எந்த இடமானாலும் சாம்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள பகையைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவின் லெவோதோபி வெடித்தபோது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த பாலியில் விமானங்கள் நின்றன. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி கக்கிய சாம்பல் தில்லி வானம்வரை வந்து பயணங்களைக் குலைத்தது. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் இரண்டைக் கேட்டுத் தெளிய வேண்டும்: எத்தனை மீட்டர் உயரம்வரை மலையேற்றத்துக்குக் காப்பு உண்டு, வெடிப்புச் செய்தி வெளியான பிறகு எடுத்த பத்திரம் அந்த வெடிப்பால் வரும் இழப்புக்குச் செல்லுமா. பயிற்சிக்குச் சென்னையில் மேடு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பரங்கிமலைப் படிகளை அதிகாலையில் நான்கு முறை ஏறி இறங்குவதும், ஒரு சனிக்கிழமை அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடப்பதும் சிபாயக்குக்குப் போதும். ஈஜெனுக்கும் ஏறத்தாழப் போதும்.

ஆக, நான்கு பேர் கேட்டால் நால்வருக்கும் கிழக்கு ஜாவா என்றே சொல்வேன். எங்களுக்கு மட்டும் டோபா. கோலாலம்பூர் வழியாக மேடானுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. பெரஸ்தாகியில் இரண்டு இரவு, சமோசிரில் மூன்று, மேடானில் இரண்டு. சிபாயக் ஏறும் விடியலில் காற்று எங்கள் பக்கம் வீசினால் மகளும் நானும் பாதியிலேயே திரும்புவது என்று பேச்சு. சினபுங்கோ வேறெதுவோ புகைந்து விமானம் தாமதமானால் இருக்கட்டும் என்று கடைசி இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டிருக்கிறோம். அமில வாயு முகமூடி என்ன விலை என்று பாரிமுனைக் கடைகளில் மைத்துனர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது அடுத்த ஆண்டுக்கு என்கிறார்.